தாத்தா என்று ஏன் அழைக்கிறோம்?

ஜூலை 7, செப்டம்பர் 18. இந்த இரண்டு நாள்களில் மரக்காணம், திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்து ஊர்களுக்கு வந்தால், நம் தெருக்களின் முகப்பில் ஒரு படத்தைப் பார்க்கலாம். தலைப்பாகை கட்டி, கோட்டு அணிந்த ஒரு பெரியவர். படத்துக்குக் கீழே ‘தாத்தா இரட்டைமலை சீனிவாசன்’ என்று எழுதியிருக்கும். ஒன்று அவர் பிறந்த நாள், மற்றது நினைவு நாள்.

நம் தலைவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். அம்பேத்கர் நமக்கு அண்ணல். அயோத்திதாசர் பண்டிதர். எம்.சி.ராஜா பெருந்தலைவர். மீனாம்பாள் அன்னை. இம்மானுவேல் சேகரன் தியாகி. சீனிவாசனை மட்டும் தாத்தா என்கிறோம். அவருக்குப் பட்டம் இல்லாமல் இல்லை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அன்றைய அரசு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தது. நம் மக்கள் அவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அழைக்கிற சொல்லால் அவரை அழைத்தார்கள்.

ஏன்? எங்களுக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். தாத்தா என்பவர் நமக்கு முன்னால் நடந்ததைக் கண்ணால் கண்டவர், கண்டதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர். சீனிவாசன் அதைச் செய்தார். 1939ஆம் ஆண்டு, முதுமைக் காலத்தில், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தம் வாழ்க்கையைத் தாமே எழுதி அச்சிட்டார். மிகச் சிறிய புத்தகம். ஆனால் அது இல்லையென்றால், நம் மக்களின் நூறாண்டுக் கதையில் பாதியை அடுத்தவர் எழுதியதிலிருந்துதான் நாம் பொறுக்கியெடுத்திருக்க வேண்டும்.

மணி அடிக்கும்வரை வெளியே

மதுராந்தகத்துக்கு அருகே உள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். நம் உப்பளக் கரையிலிருந்து அது அதிகத் தொலைவில்லை. சாதிக் கொடுமை தாங்காமல் குடும்பம் ஊரை விட்டுத் தஞ்சாவூருக்குப் பெயர்ந்தது. அங்கும் நிலைமை மாறவில்லை. பிறகு கோயம்புத்தூருக்குப் போனார்கள்.

கோவையில் படித்த காலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஏறக்குறைய 400 பேர் படித்த அந்தக் கல்விக்கூடத்தில் பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதி என்ன, வீடு எங்கே, உறவினர் யார் என்று பிறருக்குத் தெரிந்தால் கேவலமாக நடத்துவார்களே என்ற பயம் இந்தச் சிறுவனுக்கு. அதனால் வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். பள்ளி முடிந்ததும் யாரும் பின்தொடர முடியாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். கூட விளையாட ஆள் இல்லை. விளையாட ஆசை இல்லாமலா?

திவான் பகதூர் பட்டம் பெற்ற ஒருவர், எழுபதாண்டுக்கு முந்தைய இந்தப் பயத்தை எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறைத்திருக்கலாம். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள் பலவற்றில் இப்படிப்பட்ட பக்கங்கள் இருப்பதில்லை. இவர் எழுதினார். பேரப்பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று நினைக்கிற தாத்தாதான் இப்படி எழுதுவார்.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். நான்கே பக்கம், விலை இரண்டு அணா. எந்தச் சொல்லைச் சொல்லி ஊர் துரத்தியதோ, எந்தச் சொல் தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளிப் பையனாக ஒளிந்து நடந்தாரோ, அந்தச் சொல்லையே பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். முதல் இதழ் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. மாத இதழாகத் தொடங்கியது பிறகு வார இதழாகி 1900 வரை நடந்தது. அந்த ஆண்டு நாட்டை விட்டுக் கிளம்பியவர் தென்னாப்பிரிக்காவில் நெட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். 1921இல் திரும்பினார். 1923இல் சென்னை சட்டமன்றத்தின் உறுப்பினரானார்.

1924இல் அந்த அவையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நம் வீட்டுக் கதையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பயன்படுத்தலாம், தடுப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. ஆணை வந்தவுடன் எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் நம் தாத்தாக்கள் தெருவில் நடந்தது பிறர் தயவில். அதற்குப் பின் நடந்தது உரிமையில். தடுத்தவன்தான் சட்டத்தை மீறியவன் ஆனான்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு சேர்ந்து நம் மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். சென்னை ஓட்டேரியில் அவர் நினைவிடம் இருக்கிறது. அதை ‘உரிமைக்களம்’ என்கிறோம்.

மாமன் மச்சான் சண்டை

வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். சீனிவாசனின் உடன்பிறந்தவர் தனலட்சுமி. அவரை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். நம் வரலாற்றின் இரண்டு பெரிய பத்திரிகைக்காரர்கள் மாமன் மச்சான் உறவுக்காரர்கள்.

உறவு இருந்தது. கருத்து வேறுபாடும் இருந்தது. ‘பறையன்’ என்ற பெயர் நம்மேல் பிறர் சுமத்திய இழிவு, அதை ஏற்கவே கூடாது என்றார் அயோத்திதாசர். நாம் இந்த மண்ணின் பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர், பழைய பௌத்தர் என்பது அவர் வாதம். இழிவு என்று சொல்லிச் சொல்லியே நம்மை ஒடுக்கினார்கள், அந்தப் பெயரைச் சொல்லியே தலைநிமிர வேண்டும் என்றார் சீனிவாசன். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆனது. ஒரே குடும்பத்தில் ஒரு பத்திரிகை ‘பறையன்’, இன்னொன்று ‘தமிழன்’. இன்றும் நம் இளைஞர்கள் பெயரைப் பற்றி வாதாடுகிறார்களே, அந்த வாதம் புதிதல்ல. அது ஒரு குடும்பத்துச் சோற்றுத் தட்டைச் சுற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இந்த வீடுகளில் இருந்த பெண்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. சீனிவாசனின் மனைவி அரங்கநாயகி, அயோத்திதாசரின் மனைவி தனலட்சுமி என்று பெயர்கள் தெரிகின்றன. பத்திரிகை நடத்துகிற வீட்டில் காகிதத்துக்குப் போன காசு போக அடுப்புக்கு எவ்வளவு மிஞ்சியது, வழக்கும் அபராதமும் வந்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர்கள்தான் சொல்லியிருக்க முடியும். யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. எழுதப்படாத பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

கந்தப்பனின் பேரன்

அயோத்திதாசரிடம் இன்னொரு தாத்தா கதை இருக்கிறது. அவருடைய பாட்டனார் பெயர் கந்தப்பன். ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரின் வீட்டில் பட்லர் வேலை பார்த்தவர். அந்த நாளில் சென்னையில் இருந்த எல்லிஸ் என்ற அதிகாரி தமிழ் படிப்பதிலும் சுவடி தேடுவதிலும் ஆர்வம் கொண்டவர். 1810 முதல் 1819இல் இறக்கும்வரை சென்னையின் கலெக்டராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளைக் கந்தப்பன் தம் துரை மூலமாக எல்லிஸிடம் சேர்ப்பித்தார், அச்சுக்கு வந்த குறளுக்கு அந்தச் சுவடி உதவியது என்று அயோத்திதாசர் தம் பத்திரிகையில் எழுதினார்.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சேரியில் எழுத்து இல்லை, ஏடு இல்லை, அறிவு இல்லை என்று சொல்லப்பட்ட காலம். அப்போது ஒரு சமையற்கட்டு வேலைக்காரரின் வீட்டில் குறள் ஓலையில் இருந்தது என்றால், அதை அங்கே காப்பாற்றி வைத்தவர்கள் யார்? எத்தனை தலைமுறை? இந்தக் கேள்வியை எழுப்புவதற்காகத்தான் அயோத்திதாசர் தாத்தாவைப் பற்றி எழுதினார். கந்தப்பன் தாமாக எதையும் எழுதிவைக்கவில்லை. பட்லர்களின் பெயரை யார் அரசுக் குறிப்பில் பதிவார்கள்? குறளைப் பதிப்பித்தவர்களின் பட்டியலில் அவருக்கு இடமில்லை. பேரன் ஒருவர் சொன்னதால் மட்டுமே அந்த மனிதர் இன்று நமக்குத் தெரிகிறார்.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் இறந்தார். அப்பா இறந்த பின் மகன் பட்டாபிராமன் ‘தமிழன்’ இதழைத் தொடர்ந்து நடத்தப் பார்த்தார். பிறகு கோலார் தங்கவயலில் வாழ்ந்த நம் மக்கள் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்கத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை வாங்கினார்கள், படித்தார்கள், பத்திரமாக வைத்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தார்கள். அப்படி வீடுகளில் தப்பிய இதழ்களிலிருந்துதான் 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 2005இல் அஞ்சல் தலை வந்தது. 2023 டிசம்பரில் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

‘பறையன்’ இதழுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு நடந்த பத்திரிகை இன்று முழுத் தொகுதியாக நம் கையில் இல்லை. காப்பாற்றிய வீடு இருந்ததால் ஒன்று தப்பியது. மற்றதற்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கணவர், தகப்பனார், பாட்டனார்

இப்போது நம் கரைக்கு வருவோம். மரக்காணத்தில் ஒரு உப்பளத் தொழிலாளி இறந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுகிறோம். இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் பாட்டனார் என்று உறவுமுறையோடு பெயர்கள் வரிசையாக இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பேனரைக் கழற்றிக் கூரை ஒழுகாமல் இருக்கப் போர்த்திவிடுவோம். அந்த மனிதரைப் பற்றி அச்சில் ஏறியது அவ்வளவுதான். அவர் என்ன வேலை செய்தார் என்றுகூட அந்தப் பேனரில் இருக்காது.

என்ன வேலை செய்தார்? மழை முடிந்து தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிடுவதிலிருந்து தொடங்கும். மழையில் கரைந்த வரப்பை எடுத்துக் கட்டி, சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைச் சிமெண்ட் போல இறுக்க வேண்டும். மிதித்தது சரியில்லை என்றால் உப்போடு மண்ணும் வரும். பிறகு உப்புநீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்சுவார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி அடர்த்தியில் இருக்கும். வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் மிச்ச நீரை வடித்து விட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இதை அளக்கக் கருவி உண்டு. நம் பெரியவர்கள் பலருக்குக் கருவி வேண்டியதில்லை. நீரின் நிறத்தைப் பார்த்து, காற்றின் திசையைப் பார்த்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

இது அறிவா, இல்லையா? கல்லூரியில் வேதியியல் படிக்கிற பேரனுக்கு, அவன் பாடப்புத்தகத்தில் இருக்கும் படிகமாதலைத் தன் தாத்தா நாற்பது வருடம் காலால் செய்தார் என்று யாராவது சொன்னார்களா?

தாத்தா மட்டும் செய்யவில்லை. ஆயாவும் கூடவே அளத்தில்தான் இருந்தார். அவர் வாரிக் குவிக்க, இவர் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறும்வரை. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூசும், உப்புநீர் பட்ட காலில் வெடிப்பு வரும், புண் ஆறாது. புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வீட்டில் என்ன வைத்துச் சமைத்தார்கள் என்பது ஆயாவுக்குத்தான் தெரியும்.

மரக்காணம் சிறிய ஊரல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு அரசின் ஏகபோகம். ஆந்திராவிலிருந்து கடற்கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் நம் ஊர்ப் பக்கம் வந்துதான் முடிகிறது. அதன் வழியே படகுகளில் சரக்கு சென்னைக்குப் போனது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தில் அந்தக் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிகளைக் கொண்டு வெட்டினார்கள். கால்வாய்க்குக் கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் கிடைத்தது. மண் வெட்டியவன் பெயர் யாருக்குத் தெரியும்? அரசன் பெயர் கல்லில் இருக்கிறது, கவர்னர் பெயர் கால்வாயில் இருக்கிறது, நம் பாட்டன் பெயர் பதினாறு நாள் பேனரில் இருக்கிறது.

நினைவு ஒரு ஆவணம்

இது வெறும் பாசத்துக்காகச் சொல்வதல்ல. தாத்தாவின் நினைவில் நம் உரிமையும் இருக்கிறது.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததே அடிமைத்தனத்தின் ஆணிவேர் என்று காட்டிய அறிக்கை அது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைப்படி தரிசு நிலங்கள் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. பிற சாதியினர் வாங்க முடியாது என்ற நிபந்தனை அதில் உண்டு. ‘டி.சி. நிலம்’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. அந்த நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில் காரணை ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். நம் பக்கத்து மண்ணில் நடந்தது அது.

நிலமீட்பு வேலையாக ஊர் ஊராகப் போகும்போது நாங்கள் முதலில் தேடுவது வயதானவர்களைத்தான். எந்தக் கழனியை டி.சி. நிலம் என்று சொல்வார்கள், யாருடைய பாட்டன் அதில் ஏர் ஓட்டினார், எந்தக் கடனுக்கு எந்த வருடம் கைமாறியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கையை நீட்டிக் காட்டினால்தான் கிராம நிர்வாக அலுவலகத்து ‘அ’ பதிவேட்டில் எந்த சர்வே எண்ணைத் தேடுவது என்று தெரியும். அந்தப் பெரியவர் போய்விட்டால், பதிவேடு இருந்தும் எங்கே திறப்பது என்று தெரியாமல் நிற்போம்.

உப்பளத் தொழிலிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது. பதிவு இருந்தால்தான் பணம். முப்பது வருடம் உப்பு வாரியவர், நான் உப்பளத் தொழிலாளி என்று காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் நிற்பதை என்னவென்று சொல்வது? கூலியைக் கையில் வாங்கினார், கணக்கு அடுத்தவர் நோட்டில் இருந்தது.

காகிதம் நம் வீடுகளில் தங்குவதும் இல்லை. 2004இல் சுனாமி வந்தது. 2011இல் தானே புயல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், உப்பளங்கள் எல்லாம் வெள்ளக்காடாயின. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் கூரைகள் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் வந்தாலும் நெருப்பு வந்தாலும் முதலில் போவது தகரப் பெட்டிக்குள் வைத்த காகிதம்தான். பிறகு மிஞ்சுவது ஒருவர் தலைக்குள் இருப்பது. அந்தத் தலையும் ஒருநாள் சாய்ந்துவிடும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தாத்தா உயிரோடு இருந்தால் அவரிடம் உட்காருங்கள். இல்லையென்றால் ஆயாவிடம், அப்பாவிடம், தாத்தாவோடு வேலை செய்த கூட்டாளிகளிடம் கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிந்ததை எழுதிவிடுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழும்.

என்ன கேட்பது என்று தயங்க வேண்டாம். அவருடைய அப்பா, தாத்தா பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள்? எத்தனை வயதில் அளத்துக்குப் போனார், முதல் கூலி எவ்வளவு? பள்ளிக்கூடம் போனாரா, நின்றது எதனால்? எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது, முதலில் போட்டு நடந்தவர் யார்? தண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தார்கள்? இறந்தவரை எந்த வழியாக எடுத்துப் போனார்கள், யார் மறித்தார்கள்? குடும்பத்துக்கு நிலம் இருந்ததா, அது எப்படிப் போனது? யாரோடு சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்? இவற்றோடு, பிடித்த சினிமா, பாடிய பாட்டு, ஆயாவைப் பெண் பார்க்கப் போன கதை, உங்கள் அப்பா பிறந்த அன்று அவர் என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். பாட்டனார் என்றால் வெறும் கஷ்டம் மட்டுமா? சிரித்தவர், கோபித்தவர், பேத்திக்குத் தெரியாமல் மிட்டாய்க்குக் காசு சேர்த்தவர். அதுவும் வரலாறுதான்.

சொல்ல விரும்பாததும் இருக்கும். மணி அடிக்கும்வரை வெளியே நின்ற மாதிரி ஏதோ ஒன்று எல்லாத் தாத்தாவிடமும் உண்டு. கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை உட்காரும்போது அவராகச் சொல்வார். சொன்னதைத் திருத்தி அழகுபடுத்தாமல், அவர் பேச்சிலேயே எழுதுங்கள். தேதி தெரியவில்லை என்றால் ‘தானே புயலுக்கு முந்தின வருஷம்’ என்று அவர் சொல்கிற மாதிரியே எழுதலாம்.

குடித்தார், வீட்டில் அடித்தார் என்று ஆயா சொன்னால் அதையும் மறைக்காதீர்கள். நாம் எழுதப்போவது சாமி படம் அல்ல. சீனிவாசனும் அயோத்திதாசரும் ஒருவரோடொருவர் போட்ட சண்டை அச்சில் இருப்பதால்தான் இருவரையும் மனிதர்களாக நேசிக்க முடிகிறது.

எழுதி முடித்ததும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றைப் பள்ளி நூலகத்திலோ, தெருவில் உள்ள அம்பேத்கர் படிப்பகத்திலோ கொடுங்கள். வெள்ளம் ஒரு வீட்டுக்கு வரும், எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வராது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை தெருவில் துக்கம் நடந்து பேனர் அச்சடிக்கும்போது, கணவர், தகப்பனார், பாட்டனார் என்ற வரிகளுக்கு மேலே இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். ‘நாற்பது ஆண்டு மரக்காணம் உப்பளத் தொழிலாளி’ என்று எழுதுங்கள். ஆயா இறந்தாலும் அதே வரியை எழுதுங்கள். அவரும் நாற்பது ஆண்டு சுமந்தவர்தான்.